சுனாமி எச்சரிக்கை: பொறுப்பதற்கும் விதி உண்டு

கிணற்று மோட்டாருக்குத் தானியங்கி ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் விவசாயிகள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மின்சாரம் வந்த உடனே அது மோட்டாரை ஓட்டுவதில்லை. மூன்று பேஸும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, சற்றுப் பொறுத்தே ஓட்டுகிறது. ஒரு பேஸ் போய்விட்டாலோ பொறுப்பதில்லை. மோட்டார் எரிவதற்குள் நிறுத்திவிடுகிறது. 'இது நடந்தால், நிலைமை இவ்வாறிருந்தால், இதைச் செய்' என்று முன்கூட்டியே விதி அமைத்திருப்பதே இதற்குக் காரணம். எப்போது பொறுப்பது, எப்போது பொறுக்கக் கூடாது என்பதுதான் விதியின் உயிர்.

பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பம் போன்ற கடலோரக் கிராமங்களுக்குச் சுனாமி எச்சரிக்கை தரும் அமைப்பும் இத்தகைய விதிகளின்படியே இயங்குகிறது. 26-12-2004 அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியபோது நமக்குக் காலை மணி 6-29. அலை தமிழகக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவகாசம் இருந்தது, சொல்வதற்கு அமைப்பு இல்லை. அக்குறையைப் போக்க, 2007 அக்டோபரில் ஐதராபாத்தில், இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் எச்சரிக்கை நிலையம் தொடங்கப்பட்டது.

இந்துமாக் கடல் பகுதியில் 6.5 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் பதிவானால் நிலையம் விழித்துக்கொள்கிறது. முன்பே கணக்கிட்டு வைத்துள்ள மாதிரிகளிலிருந்து, எந்தக் கரைக்கு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு உயர அலை வரும் என்பதைக் கம்ப்யூட்டர் எடுத்துத் தருகிறது. அதன்பின் விதிகள் வருமாறு:

1. அலை 60 நிமிடத்துக்குள் எட்டக்கூடிய கரை: நிலநடுக்க விவரத்தை மட்டும் கொண்டே எச்சரிக்கை விடலாம். உறுதி செய்யக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

2. அதற்கு அப்பாலுள்ள கரை: முதலில் 'உஷார்' நிலை. கடலடி அழுத்தமானிகளும் கரையோர நீர்மட்டக் கருவிகளும் அலையை உறுதி செய்தபின்பே 'எச்சரிக்கை'.

3. பெரிய அலை இல்லையெனத் தெரிந்தால், அறிவிப்பு ரத்து.

சுமத்ரா நடுக்கத்தைப் பொறுத்தவரை நம் கரை இரண்டாம் வகை. 11-4-2012 அன்று அதே பக்கம் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. ஆனால் பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஊரைக் கிளப்பினால், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் யாரும் கிளம்ப மாட்டார்கள். எனவேதான் அவகாசம் உள்ள இடத்தில் பொறுக்கிறார்கள்.

கருவியின் விதி பாதிதான். மறுபாதியை வீட்டில் நீங்கள் அமைக்க வேண்டும். 'உஷார்' என்றால் கடற்கரையையும் முகத்துவாரத்தையும் விட்டு விலகி, அடுத்த அறிவிப்பைக் கேளுங்கள். 'எச்சரிக்கை' என்றால் உடனே மேட்டுக்குச் செல்லுங்கள். முதியவர்களை யார் அழைத்து வருவது, மாடுகளை யார் அவிழ்த்துவிடுவது, எங்கே கூடுவது என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

கடல் திடீரென உள்வாங்கினால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். முதல் அலை வடிந்ததும் கரைக்குத் திரும்பவும் வேண்டாம். பின்னால் வரும் அலை அதைவிடப் பெரியதாக இருக்கலாம். ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வந்த பின்பே வீடு திரும்புங்கள்.