எந்தப் பரீட்சை முதலில்?

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலைக்குப் போக விரும்புகிறவர், முதலில் எந்தச் சர்டிபிகேட் வாங்குவது? பணத்தைக் கட்டுமுன் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1993-ல் வந்தது, காம்ப்டியாவின் "ஏ பிளஸ்". இதற்குப் பரீட்சை இரண்டு. கட்டணமும் இரண்டு! 900 மார்க்குக்கு ஒன்றில் 675, மற்றதில் 700 வாங்க வேண்டும். தவறினால் மறுபடியும் கட்டணம்.

"நெட்வொர்க் பிளஸ்" ஒரே பரீட்சைதான். செலவு மிச்சம் என்று அதில் இறங்குகிறவர்கள் உண்டு. ஆனால், "பிரிண்டர் ஓடவில்லை, திரை இருண்டுவிட்டது" என்று ஆள் வந்து நிற்கும்போது கைகொடுப்பது ஏ பிளஸ் பாடமே.

பணம் குறைவா? கூகுள் 2018-ல் "கோர்செரா" மூலம் தொடங்கிய பாடம் இருக்கிறது. மாதச் சந்தா. சீக்கிரம் முடித்தால் மிச்சம். படித்துப் பார்த்து, வேலை பிடித்திருந்தால் ஏ பிளஸ் எழுதலாம். அந்தச் சர்டிபிகேட் 3 ஆண்டுதான் செல்லும். ஆகவே, வேலை தேடும் சமயத்தில் எழுதுவதே லாபம்.