தவிட்டோடு போகும் உயிர்ச்சத்து

நெல்லை ஆலைக்குக் கொண்டு செல்லும் கமக்காரர், திரும்பும்போது அரிசியை ஒரு சாக்கிலும் தவிட்டை இன்னொரு சாக்கிலும் கொண்டு வருகின்றார். அரிசி அடுக்களைக்குச் செல்கின்றது. தவிடு மாட்டுத் தொட்டிக்கும் கோழிக் கூட்டுக்கும் செல்கின்றது. அரிசி எவ்வளவு வெண்மையாக உள்ளதோ அவ்வளவுக்கு அது உயர்ந்ததென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இன்னும் ஒரு முறை தீட்டித் தரும்படி ஆலைக்காரரைக் கேட்டு வாங்குவோரும் உளர். இவ்வெண்மைக்கு விலையாக நாம் எதனைக் கொடுக்கின்றோம் என்பதை நெல் விளைவிப்போர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அதனை உலகிற்கு முதன்முதலிற் காட்டிக் கொடுத்தவை யாவாத் தீவில் ஓர் ஆய்வுகூடத்தில் வளர்ந்த சில கோழிகளாகும்.

நெல்மணியின் அமைப்பு

நெல்மணியின் வெளியே இருப்பது உமி. உமியை நீக்கியதும் தோன்றும் அரிசியை மெல்லிய தோல் ஒன்று போர்த்திருக்கின்றது. சிவப்பரிசியின் செந்நிறம் இத்தோலிலேயே உள்ளது. அரிசியின் ஒரு முனையில், முளைத்தெழுவதற்குரிய முளையம் அமைந்திருக்கின்றது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மாப்பொருளாகும். 100 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 20 கிலோகிராம் உமியாகவும், 8 முதல் 10 கிலோகிராம் வரை தவிடாகவும் பிரியும். தவிடு எனப்படுவது அரிசியின் மேற்றோலும் முளையமும் சேர்ந்த பகுதியேயாகும்.

நிறையிற் சிறியதாயினும், அரிசியிலுள்ள எண்ணெய், நார், தாதுப்பொருள்கள், உயிர்ச்சத்துக்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி இத்தவிட்டிலேயே தங்கியுள்ளது. அவற்றுள் முதன்மையானது தயமின் என்னும் விற்றமின் பீ1 ஆகும். நாம் உண்ணும் மாப்பொருளை உடல் தனக்கு வேண்டிய சக்தியாக மாற்றிக்கொள்ளத் தயமின் இன்றியமையாதது. அடுப்பில் விறகு நிறைந்திருப்பினும் நெருப்பின்றேல் உலை கொதியாது. அதுபோலத் தயமின் இன்றேல், வயிறு நிறைய உண்ட சோறும் உடலுக்கு முழுப்பயன் தராது. சோற்றை மிகுதியாக உண்போருக்கு இச்சத்து மிகுதியாக வேண்டும். உடலோ இதனைச் சில வாரங்களுக்கு மேற் சேமித்து வைத்திருப்பதில்லை.

பெரிபெரி நோய்

தயமின் குறைவினால் உண்டாகும் நோய் பெரிபெரி எனப்படும். இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். நோயாளியின் கால்கள் முதலில் விறைத்துப் பலமிழக்கும், நடை தளரும். சிலருக்குக் கால்கள் வீங்கி, மூச்சு முட்டி, இருதயம் சோர்ந்து, மரணமும் நேரிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் கீழைத் தேசங்களிற் பெருகின. உலக்கையாற் குற்றப்பட்ட அரிசிக்குப் பதிலாக, நன்கு தீட்டிய வெள்ளை அரிசி படைவீரருக்கும், சிறைக்கைதிகளுக்கும், சுரங்கத் தொழிலாளருக்கும் உணவாயிற்று. பெரிபெரியும் அவர்களிடையே பரவியது. இது கிருமியால் வரும் தொற்றுநோய் என்றே அக்காலத்து வைத்தியர் பலர் கருதினர்.

ஆய்வுகூடத்துக் கோழிகள்

இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறியும்படி ஒல்லாந்த அரசு 1886 ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் குழுவை யாவாவுக்கு அனுப்பிற்று. அக்குழுவுடன் சென்ற கிறித்தியான் ஐக்மன் என்னும் வைத்தியர், பின்னர் பத்தேவியா நகரத்து இராணுவ வைத்தியசாலையை அடுத்திருந்த ஆய்வுகூடத்தின் தலைவரானார். அந்நகரமே இன்றைய யகார்த்தா ஆகும்.

ஐக்மன் நோயாளியின் உடலிலிருந்து எடுத்த பொருளைக் கோழிகளுக்கு ஊசி வழியாக ஏற்றிச் சோதித்தார். 1889 ஆம் ஆண்டில் கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. ஆனால், ஊசி ஏற்றப்படாத கோழிகளும் அவ்வாறே விழுந்தன. சில மாதங்களின் பின் எவ்வித மருந்துமின்றி எல்லாக் கோழிகளும் குணமடைந்தன. இப்புதுமைக்குக் காரணம் யாதென ஐக்மன் விசாரித்தார். கோழிகளைப் பராமரித்தவர், வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை அவற்றிற்கு இட்டு வந்தார் என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் படையினரின் அரிசியைப் பிறர் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார் என்பதும், அதன்பின் அவை தீட்டாத மலிவான அரிசியைத் தின்றன என்பதும் தெரியவந்தன.

ஐக்மன் இதனைத் தற்செயலென விட்டுவிடவில்லை. கோழிகளை வகை பிரித்து வெவ்வேறு தீன் கொடுத்துச் சோதித்தார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் சில வாரங்களில் நோயுற்றன. தீட்டாத அரிசியைத் தின்றவை நலமாயிருந்தன. நோயுற்ற கோழிகளுக்குத் தவிட்டைக் கொடுத்தபோது அவை எழுந்து நடந்தன. அரிசியின் மாவில் ஏதோ நஞ்சு உண்டென்றும், தவிடு அந்நஞ்சை முறிக்கின்றதென்றும் ஐக்மன் எண்ணினார். அவர் கண்டது சரி. கூறிய காரணம் சரியன்று. அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கிரைன்ஸ் என்பார், நஞ்சு எதுவுமில்லை என்றும், உடலுக்கு வேண்டிய ஒரு பொருள் தீட்டிய அரிசியில் இல்லாமையே காரணம் என்றும் 1901 ஆம் ஆண்டில் விளக்கினார். அவர் கோழிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்ட உணவுகளுள் ஒன்று நமது பாசிப்பயறாகும்.

சிறைச்சாலைகளிற் கண்ட சான்று

கோழிக்கு உண்மையானது மனிதருக்கும் உண்மையாகுமா? ஐக்மனின் நண்பராகிய வோடர்மன், யாவாவின் சுகாதார மேற்பார்வையாளராக இருந்தவர். அவர் 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்து, 1897 ஆம் ஆண்டிற் கணக்கை வெளியிட்டார். தீட்டாத அரிசி வழங்கிய 37 சிறைச்சாலைகளுள் ஒன்றில் மாத்திரமே பெரிபெரி காணப்பட்டது. இருவகை அரிசியும் கலந்து வழங்கிய 13 சிறைச்சாலைகளுள் 6 இலும், தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைச்சாலைகளுள் 36 இலும் அது காணப்பட்டது. கட்டடத்தின் பழமையும், காற்றோட்டமும், நெருக்கடியும் நோய்க்குக் காரணமாகவில்லை. கைதிகளின் தட்டிலிருந்த அரிசியே அவர்களின் நலத்தைத் தீர்மானித்தது.

தவிட்டிலுள்ள அப்பொருளைப் பிரித்தெடுக்கப் பல நாட்டு ஆய்வாளர் முயன்றனர். இத்தகைய சத்துக்களுக்கு 'விற்றமின்' என்னும் பெயரை 1912 ஆம் ஆண்டில் வழங்கியவர் கசிமிர் ஃபங்க் ஆவார். ஐக்மன் பணியாற்றிய அதே நகரத்தில், யான்சன், டோனாத் என்னும் இருவர் 1926 ஆம் ஆண்டில் அரிசித் தவிட்டிலிருந்து அச்சத்தைத் தூய பளிங்குருவிற் பெற்றனர். ஐக்மனுக்கு 1929 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. 1936 ஆம் ஆண்டில் அமெரிக்கரான இறொபேட் வில்லியம்ஸ் என்பார் தயமினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார்.

புழுங்கலரிசியின் சிறப்பு

இனி நமது வழக்கத்தைப் பார்ப்போம். மலாயாவில் பெரிபெரி பரவியபோது, சீனத் தொழிலாளர் பெருந்தொகையாக மாண்டனர். அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரோ பெரும்பாலும் இந்நோயின்றி இருந்தனர். சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டை பிராடன் என்னும் வைத்தியர் எடுத்துக் காட்டினார். 1905 ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் பிளெச்சர் என்னும் வைத்தியர் இதனைச் சோதித்தார். பச்சையரிசி உண்ட 120 பேரிற் பலர் பெரிபெரியால் வருந்தினர். அவர்களுள் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். தென்னிந்தியாவில் குன்னூர்ப் போசணை ஆராய்ச்சிசாலையார் பின்னர்ச் செய்த ஆராய்ச்சிகளும் இதனையே உறுதிப்படுத்தின.

இதன் காரணம் எளிது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தோலிலும் முளையத்திலும் உள்ள தயமின் நீரிற் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குச் செல்கின்றது. பின்பு ஆலையில் தவிடு நீங்கினாலும் அச்சத்தின் ஒரு பெரும்பகுதி அரிசியிலேயே தங்கிவிடுகின்றது. அன்றியும், அவிக்கும்போது மணியின் வெடிப்புக்கள் ஒட்டி இறுகுவதால், குற்றும்போது நொய் குறைந்து முழு அரிசி கூடுதலாகக் கிடைக்கும்.

தீட்டாத அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 0.35 மில்லிகிராம் தயமினும், தீட்டிய புழுங்கலரிசியில் ஏறத்தாழ 0.2 மில்லிகிராமும், நன்கு தீட்டிய பச்சையரிசியில் 0.1 மில்லிகிராமிலும் குறைவாகவும் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.1 முதல் 1.2 மில்லிகிராம் வரை வேண்டும். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி சமைத்து உண்பவர், தீட்டாத அரிசியாயின் அதிலிருந்தே பெரும்பகுதியைப் பெறுவார். புழுங்கலரிசியாயின் பாதியளவைப் பெறுவார். வெள்ளைப் பச்சையரிசியாயின் காற்பங்கும் பெறார். கழுவுவதாலும் வடிப்பதாலும் இவ்வளவும் மேலும் குறையும்.

தாயும் சேயும்

முழு உருவில் தோன்றும் பெரிபெரி இன்று நம் நாட்டில் அரிது. எனினும் வெள்ளைப் பச்சையரிசிச் சோற்றையே பெரிதும் உண்டு, பயறும் மீனும் முட்டையும் குறைந்த உணவோடு நாள் கழிக்கும் எவரையும் தயமின் குறைவு அணுகக்கூடும். மதுபானத்தை மிகுதியாக அருந்துவோருக்கு இவ்வாபத்து அதிகம்.

யாவரினும் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியவர் பாலூட்டும் தாயாவார். தாயின் உணவில் தயமின் இல்லையெனில் தாய்ப்பாலிலும் அது குறையும். வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்றிருந்த குழந்தை, சில மாத வயதிலே திடீரெனப் பால் மறுத்து, வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, அழுகைக் குரலும் எழாமல் ஒரிரு நாளில் இறந்துவிடக்கூடும். 1912 ஆம் ஆண்டளவில் மணிலா நகரத்தில் இத்தகைய குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாற்றைப் புகட்டி வைத்தியர்கள் உயிர் காத்தனர். இன்று தயமின் ஊசி சில மணி நேரத்திலேயே பயன் தருகின்றது. இதனால் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. தாயின் உணவையே திருத்துதல் வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியமென்று பயற்றையும் மீனையும் விலக்கி, வெறும் வெள்ளைச் சோற்றை மட்டும் கொடுத்தல் தவறு. குழந்தையிடம் மேற்கூறிய குறிகள் தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வீட்டுத் தேவைக்கு வைக்கும் நெல்லை இயன்றவரை அவித்துக் குற்றுவியுங்கள். நெல்லைத் தூய நீரில் ஊறவைத்து, உமி சற்று வெடிக்கும் வரை அவியுங்கள். ஊறவைக்கும் நாள் நீடித்தால் நீர் புளித்துச் சோறு நாறும். ஆகையால் நீரை மாற்றுங்கள்.

2. அவித்த நெல்லை ஒரே மூச்சிற் கடும் வெயிலிற் காயவிடாதீர்கள். அரைவாசி காய்ந்ததும் சில மணி நேரம் குவித்து வைத்து, பின்னர் மீண்டும் பரப்பி உலர்த்துங்கள். இவ்வாறு செய்தால் மணி உடையாது. ஈரம் நூற்றுக்கு 14 ஆகக் குறைந்ததும் சேமிக்கலாம்.

3. ஆலையில் அரிசியை அளவுக்கு மேல் தீட்டுவிக்காதீர்கள். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், ஏ.ரீ. 362 போன்ற சிவப்பரிசி இனங்களையும் செந்நிறம் மறையத் தீட்டினால் அவை சாதாரண வெள்ளை அரிசியே ஆகும். சத்து இனத்தின் பெயரில் இல்லை. மிஞ்சியிருக்கும் தோலில் உள்ளது.

4. தீட்டாத அரிசியின் தவிட்டெண்ணெய் விரைவிற் காறிவிடும். ஆதலால் நெல்லாகவே சேமித்து வைத்து, இரண்டு மூன்று வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் குற்றுவியுங்கள்.

5. அரிசியைப் பலமுறை பிசைந்து கழுவ வேண்டாம். வற்றும் அளவுக்கு நீர் வைத்துச் சமையுங்கள். கஞ்சி வடிப்பதாயின் அதனைக் கொட்டாது உப்பிட்டுப் பருகுங்கள்.

6. பெரும்போக அறுவடையின் பின் வயலில் எஞ்சியுள்ள ஈரத்தைக் கொண்டு இடைப்போகமாகப் பாசிப்பயறு விதையுங்கள். மரக்கறித் தோட்டத்தின் ஓரத்திற் கௌபியும் உழுந்தும் நிலக்கடலையும் செய்கை பண்ணுங்கள். சோற்றின் குறையைப் பயறுவகைகள் நிரப்பும். நிலத்திற்கும் வளம் சேரும். விளைந்ததில் ஒரு பங்கை வீட்டிற்கென ஒதுக்கிய பின்னரே சந்தைக்கு அனுப்புங்கள்.

7. உணவோடு கூடவே தேநீர் அருந்தாதீர்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள் தயமினைக் கெடுக்கும். சற்று நேரம் கழித்து அருந்துங்கள்.

வெள்ளை அரிசிக்குச் சந்தையிற் கூடிய விலை கிடைக்குமாயின், விற்கும் நெல்லைப் பற்றி நீங்கள் வாங்குவோரின் விருப்பத்திற்கு இணங்க நேரிடலாம். உங்கள் பிள்ளைகள் உண்ணும் நெல்லைப் பற்றி அவ்வாறு இணங்க வேண்டியதில்லை. ஆறு மாதம் வரம்பில் நின்று காத்த விளைவின் சிறந்த பகுதியை ஆலைவாசலில் இழந்துவிடாதீர்கள். கால்கள் விறைத்தலோ வீங்குதலோ காணப்படின் வைத்தியரிடமும், தாய்மாரின் உணவைப் பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும், பயறுச் செய்கையைப் பற்றி உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடமும் ஆலோசனை பெறுங்கள்.