சைக்கிள் மிதிக்க மாதச் சந்தா!
செல்போன் பயிற்சி லாபமா, நஷ்டமா?

ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை.

சென்னையில் இருந்து பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வழியாகக் காஞ்சீபுரத்துக்கு வரும் சாலை. ஓரத்தில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் வரிசையாக மின்னுகின்றன.

லாரி அல்ல. பஸ் அல்ல. சைக்கிள்கள்!

தலையில் ஹெல்மெட். உடம்போடு ஒட்டிய சட்டை. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் மிதித்து வருகிறார்கள். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் காஞ்சீபுரம் இட்லி. சூடாக ஒரு காபி. பிறகு மறுபடியும் 75 கிலோமீட்டர்!

யாரும் இவர்களுக்குக் கூலி கொடுப்பது இல்லை. எல்லாம் ஆசைதான்.

பல சைக்கிள்களின் கைப்பிடியில் ஒரு செல்போனோ, கைக்கடிகாரம் போன்ற ஒரு சின்னப் பெட்டியோ இருக்கும். எத்தனை தூரம், எத்தனை வேகம், இதயம் எத்தனை முறை துடித்தது என்று அது குறித்துக்கொண்டே வரும். வீட்டுக்குப் போனதும், "நாளை ஓய்வு. செவ்வாய்க்கிழமை 45 நிமிடம் கடும் பயிற்சி" என்று கட்டளையும் போடும்.

அதற்குப் பெயர் பயிற்சிச் செயலி. "ஆப்" என்றால் எல்லோருக்கும் புரியும். கட்டளை போடுவதற்கு அது மாதாமாதம் சந்தா கேட்கிறது!

தாயின் கேள்வி

காஞ்சீபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் வேலை செய்யும் ஓர் இளைஞர் இதில் ஆசை வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்கிறார். தாய் என்ன கேட்பாள்?

"சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாமே என்றுதானேடா வாங்கினாய்? இப்போது மிதிப்பதற்கும் பணம் கட்டப் போகிறாயா?"

சிரிக்க வைக்கும் கேள்விதான். ஆனாலும் நியாயமான கேள்வி.

கணக்கைப் பாருங்கள். "ஸ்விப்ட்" என்பது உலகப் புகழ் பெற்ற ஒரு செயலி. வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிக்க வேண்டும். திரையில் ஒரு கற்பனைத் தீவு தெரியும். அந்தத் தீவின் சாலைகளில் உங்கள் உருவம் சைக்கிள் ஓட்டும். பக்கத்திலேயே ஜப்பான்காரரும் ஜெர்மன்காரரும் ஓட்டுவார்கள்!

2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அதன் மாதக் கட்டணம் ஏறத்தாழ 15 டாலரில் இருந்து 20 டாலராக உயர்ந்தது. நமது பணத்தில் 1,700 ரூபாய்க்கு மேல். மாதாமாதம் கட்டினால் வருஷத்துக்கு 20 ஆயிரத்தைத் தாண்டும். அந்தப் பணத்தில் சாதாரண சைக்கிளே இரண்டு வாங்கலாம்!

சந்தாவோடும் முடியாது. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டுகிற "டிரெய்னர்" என்ற கருவி வேண்டும். திரையில் மேடு வந்தால் இங்கே மிதி கனக்கும். அத்தகைய நல்ல கருவி பல ஆயிரம் ரூபாய்.

அட்டை சொல்லும், கை நெய்யும்

இந்தச் செயலி உண்மையில் என்ன செய்கிறது? காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு அதை எளிதாக விளக்கிவிடலாம்.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு ஜக்கார்டு தெரியும். தறிக்கு மேலே ஒரு பெட்டி. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கும். பாவில் எந்த இழை எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்று அந்த ஓட்டைகள் சொல்லும். பிரான்சு நாட்டில், லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டு உருவாக்கியது அது.

யாளியும் அன்னமும் மாங்காயும் கரையில் வர வேண்டுமானால் அட்டை வேண்டும். உருவமே இல்லாத சேலைக்கு அட்டை எதற்கு? மேலும், அட்டை வந்துவிட்டதால் சேலை தானாக நெய்யப்படுவது இல்லை. குழியில் காலை விட்டு மிதிப்பதும், நாடாவை வீசுவதும் நெசவாளிதான்.

பயிற்சிச் செயலியும் அப்படிப்பட்ட அட்டைதான். ஒரு வித்தியாசம்: தறி அட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இந்த அட்டைக்கு மாதாமாதம் வாடகை!

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, "எந்தச் செயலி நல்லது?" என்பது அல்ல. "என்ன சேலை நெய்யப் போகிறாய்?" என்பதுதான்.

200 கிலோமீட்டர்

இளைஞருடைய ஆசை, சென்னை நண்பர்களோடு சேர்ந்து ஞாயிறுதோறும் ஓட்டுவது மட்டும்தானா? அப்படியானால் சந்தா தேவை இல்லை.

நெடுந்தூரம் போக ஆசையா? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. "பிரவே" என்று ஒரு பயணம் உண்டு. பிரான்சில் தோன்றியது. இந்தியாவில் "ஆடாக்ஸ் இந்தியா" அமைப்பின் கீழ் பல ஊர்களில் நடக்கிறது. சென்னையிலும் நடக்கிறது. பந்தயம் அல்ல, முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும்.

200 கிலோமீட்டருக்குக் கொடுக்கப்படும் நேரம் 13½ மணி. சாப்பாடு, ஓய்வு, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் அதற்குள். வகுத்துப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் கூட வரவில்லை!

இதற்குத் தேவை வேகம் அல்ல. பழக்கம். காஞ்சீபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போய்த் திரும்பினால் 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அது சுலபமாகிவிட்டால் 80. பிறகு 100. பிறகு 150. வாரம் ஒருமுறை தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாலாவது வாரம் குறைத்து, உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல 20 டாலர் எதற்கு?

வாட் கணக்கு

பந்தயத்தில் ஓடி ஜெயிக்க வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே விநாடிக்கு மதிப்பு உண்டு. பயிற்சியும் நுணுக்கமாக இருக்க வேண்டும்.

காலின் பலத்தை "வாட்" கணக்கில் அளக்கிறார்கள். மின்சார பல்புக்குச் சொல்கிறோமே, அதே வாட்தான். நல்ல பயிற்சி உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் 200 வாட் கொடுக்கலாம். அதாவது, பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டை எரிக்கிற பலம்!

20 நிமிடம் முழு மூச்சாக மிதிக்கச் சொல்வார்கள். அதில் வரும் சராசரி வாட்டில் நூற்றுக்கு 5 பங்கு கழிப்பார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப் பிடிக்கும் பலம் அது. அந்த எண்ணை வைத்துத்தான் செயலி எல்லாப் பயிற்சிகளையும் வகுக்கிறது. "டிரெய்னர்ரோடு" என்ற செயலி, "இன்று எத்தனை கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டு, அதற்குத் தக்கபடி அடுத்த பயிற்சியை மாற்றியும் கொடுக்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் வாட்டை அளக்க சைக்கிளில் அளவுகருவி இருக்க வேண்டும்! அது இல்லாவிட்டால் செயலி வேகத்தையும் மேட்டையும் எடையையும் வைத்து ஊகிக்கும். எதிர்க்காற்று அடித்தால் ஊகம் தப்பும். தராசு இல்லாமல் சரிகைக்கு விலை பேசுவது போன்றது அது.

அளவுகருவியோ டிரெய்னரோ இல்லாதவருக்குச் சந்தாவில் பாதி வீண்.

காசு இல்லாத வழி

1972-ஆம் ஆண்டு, பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49 கிலோமீட்டர் 431 மீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். அப்போது செல்போனும் கிடையாது, செயலியும் கிடையாது. ஆனால் அவர் பக்கத்தில் டாக்டர்கள் இருந்தார்கள். வழிகாட்ட ஆள் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. ஊரில் அனுபவம் உள்ள ஒருவர் கிடைத்தால், அவர் செயலியைவிட மேல். உங்கள் முகத்தைப் பார்த்தே களைப்பைச் சொல்லிவிடுவார்.

கடுமையாக மிதித்துக்கொண்டே இருந்தால்தான் முன்னேற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு! நார்வே நாட்டில் ஆராய்ச்சி செய்யும் ஸ்டீபன் சைலர் என்பவர் பெரிய வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்தார். பத்துப் பயிற்சிகளில் ஏறத்தாழ எட்டை அவர்கள் சுலபமாகவே செய்கிறார்கள் என்று கண்டார்.

சுலபம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் அது கடுமை. இந்தச் சோதனைக்குக் கட்டணம் இல்லை.

கடும் பயிற்சி வாரம் ஒரு நாள் போதும். உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 4 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக. இப்படி 4 தடவை. அவ்வளவுதான். (நாற்பதைத் தாண்டியவர்களும், நெஞ்சு வலி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் இதைத் தொடங்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். செயலி டாக்டர் அல்ல.)

குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். செல்போனில்தான் வேண்டும் என்றால், "ஸ்டிராவா"வில் காசு கட்டாமலே பயணத்தைப் பதியலாம். முழு வரிசைப் பட்டியல் போன்ற சிலவற்றை மட்டும் 2020-ஆம் ஆண்டு முதல் சந்தாக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் வாட் கணக்கை அலசுவதற்கு "கோல்டன் சீட்டா" இலவசம். வீட்டுக்குள் திரையைப் பார்த்து ஓட்ட "மைவூஷ்" இலவசம். 2024-ஆம் ஆண்டு உலக இணையச் சைக்கிள் போட்டியின் இறுதிச் சுற்று அபுதாபியில் நடந்தபோது, அந்த மைவூஷில்தான் நடத்தினார்கள். இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்!

யாருக்கு லாபம்?

எல்லோருக்கும் நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது.

இரவு கடை சாத்தி வீடு திரும்ப மணி பத்து ஆகிறவர். கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத்தான் நேரம் கிடைக்கிற தாய். இருட்டில் தனியாகச் சாலையில் போக அஞ்சும் பெண் — இவர்கள் வீட்டுக்குள் மிதிப்பதுதான் பத்திரம். தனி அறையில் சுவரைப் பார்த்து மிதித்தால் பத்தாவது நிமிடம் அலுத்துவிடும். சந்தா அந்த அலுப்பைப் போக்கினால் அது வீண் செலவு ஆகாது.

பந்தயத் தேதி குறித்துவிட்டவருக்கும் மூன்று, நாலு மாதச் சந்தா பயன்படும். பந்தயம் முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

"பணம் கட்டிவிட்டால் சோம்பல் போய்விடும்" என்கிறார்கள் சிலர். முதல் மாதம் போகும். மூன்றாம் மாதம் சோம்பல் திரும்பி வரும். பணம் மட்டும் வராது. அதனால் இரண்டு மாதம் இலவச வழியில் மிதித்துப் பார்ப்பது நல்லது. வாரத்துக்கு மூன்று நாளாவது மிதித்தோமா என்று நோட்டுப் புத்தகமே காட்டிவிடும். அந்த மூன்று நாள் வராதவருக்கு எந்தச் செயலியாலும் பிரயோசனம் இல்லை.

உயிருக்கு ஆபத்து

செயலியில் ஒரு வசியமும் இருக்கிறது. ஒரு சாலைத் துண்டை யார் வேகமாகக் கடந்தார்கள் என்று பட்டியல் போடும். பட்டியலில் முதல் பெயர் தன் பெயராக இருக்க வேண்டும் என்ற வெறி சிலருக்கு வந்துவிடுகிறது.

2010-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் ஒருவர் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கியபோது காரில் மோதி இறந்தார். இழந்த முதல் இடத்தை மீட்க முயன்றார் என்று சொல்லி, குடும்பத்தார் ஸ்டிராவா மீது வழக்குப் போட்டார்கள். 2013-ஆம் ஆண்டு கோர்ட்டு அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. போன உயிர் போனதுதான்.

காஞ்சீபுரம் ராஜவீதிகளில் முகூர்த்த நாளில் நடக்கவே இடம் இருக்காது. அங்கே கடிகாரத்தோடு போட்டி வேண்டாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: பயணம் வீட்டு வாசலில் தொடங்கினால், வரைபடம் வீட்டையே காட்டிக்கொடுக்கும். தொடங்கும் இடத்தை மறைக்கச் செயலியில் வசதி இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்துவிட வேண்டும்.

சந்தாவை நிறுத்துவது எப்படி?

"முதல் சில நாள் இலவசம்" என்று ஆசை காட்டுவார்கள். கார்டு எண்ணையும் வாங்கிக்கொள்வார்கள். நாள் கடந்ததும் பணம் தானாகப் போகும்.

இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல், இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். வேண்டாம் என்றால் தடுக்க அதுதான் நேரம்.

சந்தாவில் சேர்ப்பது சுலபம், விலகுவது கஷ்டம் என்று வைப்பதை மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள் தடை செய்துள்ளன. "சந்தாப் பொறி" என்றே அதற்குப் பெயர்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. "செயலியை அழித்துவிட்டேன், சந்தாவும் போயிற்று" என்று நிம்மதியாக இருப்பார்கள். செல்போனில் இருந்து செயலியை அழித்தால் சந்தா நிற்காது! செயலிக் கணக்கிலோ, செல்போனின் சந்தாப் பட்டியலிலோ போய் "ரத்து" என்று அழுத்த வேண்டும். ரத்து ஆனதாகத் தகவல் வந்ததா என்று பார்த்த பிறகு அழிக்கலாம்.