தெரிந்த பதிலுக்குச் சங்கு

நார்த்தாமலையில், மேலமலை மீது நிற்கிற விஜயாலய சோழீஸ்வரத்தைக் கட்டியவர் யார்?

புதுக்கோட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். பெயரிலேயே இருக்கிறதே, விஜயாலய சோழன்! ஆனால் அங்குள்ள கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி அது. மழையிலும் இடியிலும் சேதமடைந்ததை மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதிரையன் புதுப்பித்தான். சாத்தன் பூதி முத்தரையர் குலத்துத் தலைவன். விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடித்தது முத்தரையரிடமிருந்துதான் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. தோற்ற குலத்தார் எழுப்பிய கோயில், வென்றவன் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

இங்கே மனம் செய்த வேலையைக் கவனியுங்கள். கேட்டது, கட்டியவர் யார் என்று. அது சிரமமான கேள்வி. கல்வெட்டுச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். மனம் சத்தமில்லாமல் அதைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த சுலபமான கேள்வியை எடுத்துக்கொண்டது: கோயில் யார் பெயரில் இருக்கிறது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு, முதல் கேள்விக்கே பதில் சொல்லிவிட்ட திருப்தியோடு உட்கார்ந்துவிட்டது. டேனியல் கானமனும் ஷேன் ஃப்ரெடரிக்கும் 2002இல் இந்த ஆள்மாறாட்டத்தை விரிவாக விளக்கி எழுதினார்கள். மாறாட்டம் நடந்தது நமக்கே தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

அந்த வேடிக்கையையே முதலாக வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பிபிசியில் 2003 செப்டம்பரில் தொடங்கிய ‘கியூஐ’. நகைச்சுவைத் தயாரிப்பாளர் ஜான் லாயிட் உருவாக்கியது. முதலில் ஸ்டீபன் ஃப்ரை நடத்தினார். 2016 முதல் சாண்டி டாக்ஸ்விக். கேள்விக்கு உட்காருபவர்கள் பேராசிரியர்கள் அல்லர், பெரும்பாலும் மேடைச் சிரிப்பு நடிகர்கள். கேள்விகள் பார்க்க எளிதாக இருக்கும். எல்லோருக்கும் தோன்றுகிற தவறான பதிலை யாராவது சொன்னால் அரங்கத்தில் சங்கு அலறும். பின்னால் இருக்கிற திரையில் அதே பதில் பெரிய எழுத்தில் மின்னும். பத்து மதிப்பெண் போய்விடும். யாருக்கும் தோன்றாத தவறைச் சொன்னால் இந்தத் தண்டனை கிடையாது. நீங்கள் இதைத்தான் சொல்வீர்கள் என்று முன்கூட்டியே கணித்து, எழுத்தை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், அதுதான் குத்தல். நிரந்தரப் போட்டியாளரான ஆலன் டேவிஸ் இந்த வலையில் அடிக்கடி போய் விழுந்து, மதிப்பெண் பூஜ்யத்துக்கும் கீழே போய் நிற்பார். கைதட்டல் அவருக்குத்தான் அதிகம்.

நம்மூர் வினாடி வினா வேறு மாதிரி. 2000இல் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரன்’, 2012இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா தொடங்கிய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ இரண்டிலும் பணம்தான் பதற்றம். சரியான பதிலுக்குக் காசு, தவறான பதில் சொன்னால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அறிவும் சிரிப்பும் சேர்ந்த மேடை நமக்கு இல்லாமல் இல்லை, பட்டிமன்றம் இருக்கிறது. ஆனால் பட்டிமன்றத்தில் கைதட்டல் கிடைப்பது கேட்பவர் ஏற்கெனவே நம்புகிற ஒன்றை அழகாகச் சொன்னால்தான். நடுவர் தீர்ப்பும் யாரையும் நோகடிக்காது. நம்பிக்கையோடு சொன்ன பதில் பொய் என்று ஊர் முன்னால் தெரிந்து, சொன்னவரே சேர்ந்து சிரிக்கிற இடம் நம் மேடைகளில் குறைவு. இது ஒரு நஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஆய்வுக்கூடத்திலிருந்தும் காரணம் காட்டலாம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் என்ற இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வு அது. பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு சரியான விடையைக் காட்டினார்கள். சற்று நேரம் கழித்து அதே கேள்விகள் மறுபடியும். ஆழமாக வேர்விட்ட தவறைப் பிடுங்குவதுதான் கஷ்டம் என்று யாரும் நினைப்போம். நடந்தது தலைகீழ். ‘சத்தியமாக இதுதான்’ என்று சொல்லி மாட்டிக்கொண்ட கேள்விகளின் சரியான விடையே அதிகம் நினைவில் நின்றது. ஏதோ குத்துமதிப்பாகச் சொல்லித் தவறியவை அந்த அளவுக்கு நிற்கவில்லை. நிச்சயம் என்று நம்பியது பொய்யாகும்போது ஏற்படுகிற திடுக்கிடல் கவனத்தை இழுத்துக்கொண்டு வருகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். சங்கு செய்கிற வேலையும் அதுதான்.

முழுக் கொண்டாட்டத்துக்கு இடமில்லை. 2011இல் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு வாரம் கழித்து என்ன ஆகிறது என்று பார்த்தது. திருத்தம் பெரும்பாலும் நிலைத்தது. ஆனால் சரியான விடை மறந்துபோன இடங்களில், பழைய உறுதியான தவறே வீடு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே அடுத்த மாதம் யாராவது நார்த்தாமலையைப் பற்றிக் கேட்டால் உங்கள் வாயில் சாத்தன் பூதி வருவாரா, விஜயாலயன் வருவாரா என்று இப்போதே பந்தயம் கட்ட முடியாது.

இன்னொரு கேள்வி. கதாயுதத்தால் துரியோதனன் தொடையை உடைத்த அர்ச்சுனன், பாண்டவர் ஐவரில் எத்தனையாவது பிள்ளை?

மூன்றாவது என்று சொல்லியிருந்தால் கவலைப்பட வேண்டாம், கூட்டத்தோடுதான் இருக்கிறீர்கள். தொடையை உடைத்தது பீமன் என்பது கூத்து பார்த்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நழுவவிட்டோம். 1981இல் எரிக்சனும் மாட்சனும் அமெரிக்காவில் இதே தந்திரத்தை விவிலியக் கதையில் செய்தார்கள்: மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்? பேழை நோவாவுடையது என்று அறிந்தவர்களே, பெரும்பாலோர் ‘இரண்டு’ என்றார்கள். மோசேக்குப் பதிலாக நிக்சன் என்று போட்டபோது ஏமாற்று பலிக்கவில்லை. பீமன் இருக்க வேண்டிய இடத்தில் அர்ச்சுனனை வைத்தால் கண் தாண்டிப் போய்விடுகிறது. இராவணனை வைத்தால் போகாது. மனம் சொல்லுக்குச் சொல் சரிபார்ப்பதில்லை. ஏறக்குறையப் பொருந்தினால் போதும், கதவைத் திறந்துவிடும். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள இந்தத் தாராளம் தேவைதான். இல்லாவிட்டால் ஒருவர் நாக்குத் தடுமாறும் ஒவ்வொரு முறையும் உரையாடல் நின்றுபோகும்.

திரும்பத் திரும்பக் கேட்டது உண்மையாகத் தோன்றுவதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஹாஷர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1977இல் காட்டியது இது. இடைவெளி விட்டு மறுபடி மறுபடி காதில் விழுந்த வாக்கியங்களுக்கு மக்கள் கூடுதல் நம்பிக்கை வைத்தார்கள். உண்மையோ பொய்யோ, வித்தியாசமில்லை. நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்த செய்தி வாட்ஸப்பில் ஆண்டுதோறும் புதுப்பிறவி எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை.

ஆனால் பொய் மட்டும்தான் காலாவதி ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலை எடுத்துக்கொள்வோம். தாமரைக் குளமும் மீனும் யானையும் நடன மாதரும் தீட்டப்பட்ட அந்தச் சமணக் குடைவரையை, 1920 வாக்கில் கோபிநாத ராவ், ழூவோ துப்ரேய் போன்ற அறிஞர்கள் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது என்றார்கள். அன்று அதுதான் சரியான விடை. வினாடி வினாவில் முழு மதிப்பெண். பிறகு ஒரு கல்வெட்டு கவனத்துக்கு வந்தது. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தார் என்கிறது அது. இன்று ஓவியங்களைப் பாண்டியர் காலத்தோடு சேர்த்தே பேசுகிறார்கள். பழைய விடை மட்டும் கையேடுகளிலும் சுற்றுலாப் பேச்சிலும் இன்னும் உலவுகிறது.

‘கியூஐ’க்கும் இதே கதி. பூமிக்கு எத்தனை நிலா என்று முதல் தொடரில் கேட்டார்கள். ஒன்று என்ற ஆலன் டேவிஸுக்குச் சங்கு. இரண்டு என்றார்கள், குருய்த்னே என்ற சிறுகோளையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அது சுற்றுவது சூரியனை. பூமியைப் போலவே ஏறக்குறைய ஓராண்டில் சுற்றி வருவதால், நாம் இருக்கும் இடத்திலிருந்து பார்க்க நம்மோடு ஒட்டிக்கொண்டு திரிவதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். பின்னால் வந்த தொடர்களில் அவர்களே வேறு வேறு எண்களைச் சொன்னார்கள். பாவம், பறிபோன மதிப்பெண்.

இனி ஒன்று: அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்படும் வரை புழங்கிய சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம். மறுபக்கம் ‘விஜய’ என்ற சொல். எந்த எழுத்தில்? தமிழில்லை, தெலுங்கு.

இப்போது என்னைக் கொஞ்சம் விவரமான ஆள் என்று நினைத்திருப்பீர்கள். நியாயமில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் நான் கேட்டேன். தெரியாததைக் கேட்கவே இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 1977இல் ராஸ், அமபிலே, ஸ்டைன்மெட்ஸ் மூவரும் மாணவர்களைத் தற்செயலாகப் பிரித்து, ஒருவரைக் கேட்பவராகவும் மற்றவரைச் சொல்பவராகவும் உட்கார வைத்தார்கள். கேட்பவர் தன் மனதிலிருந்தே பத்துக் கடினமான கேள்விகளைத் தயாரிக்க வேண்டும். சொல்பவர்கள் பத்துக்குச் சுமார் நான்குதான் சொன்னார்கள். முடிவில், கேட்டவரே அதிகம் அறிந்தவர் என்று பார்வையாளர்கள் கருதினார்கள். பதில் சொன்னவர்களும் அப்படியே கருதினார்கள். நாற்காலியை யார் பிடிப்பது என்பது தற்செயல் என்று எல்லோருக்கும் தெரிந்தும் இந்த நிலை! கையில் அட்டையோடு இருக்கிற தொகுப்பாளரும், நேர்காணல் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதிகாரியும், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற ஆசிரியரும் இந்தச் சலுகையை இலவசமாக அனுபவிக்கிறார்கள்.

கடைசியாகச் சைக்கிள். புதுக்கோட்டையில் சைக்கிளைத் தொடாமல் எதையும் முடிக்க முடியாது.

ஒரு காகிதம் எடுத்து, படம் பார்க்காமல் ஒரு சைக்கிள் வரையுங்கள். அழகு வேண்டாம், இரண்டு சக்கரம், பெடல், செயின், சட்டம் மட்டும் சரியான இடத்தில் இருந்தால் போதும். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லாசன் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதுதான். சைக்கிள் ஓட்டாதவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒரு பெரிய தவறு செய்தார்கள். பலர் செயினை முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து மாட்டினார்கள். சிலர் சட்டத்தால் இரண்டு சக்கரங்களையும் நேரே பிணைத்தார்கள். அந்த வண்டி வளைவில் திரும்பவே திரும்பாது. தினமும் ஓட்டுகிறவர்கள் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அவர்களிலும் தவறியவர்கள் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட்டும் கைலும் 2002இல் பூட்டு, ஜிப், தையல் மெஷின் போன்றவற்றை வைத்து இதையே வேறு வழியில் பார்த்தார்கள். எப்படி வேலை செய்கிறது என்று தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தங்களுக்குத் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்கள். படிப்படியாக எழுதிக் காட்டுங்கள் என்றதும் மதிப்பெண் சரிகிறது. பொருள் கண் முன்னே இருப்பதால், அதன் விளக்கமும் தலைக்குள் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

செயின் கழன்றால் தாமே மாட்டிக்கொள்கிறவர்களிடம் இந்தச் சோதனையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தலைமுறையே உண்டு. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தோள் கொடுத்தார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள், செவிலியர்கள் என ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பேருந்துக்கும் ஆண்களுக்கும் காத்திருக்கிற நேரம் மிச்சமானது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார்.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஆண்கள் ஓட்டுகிற பார் வண்டியிலேயே பழகினார்கள். தட்டுப்பாடு தீர்ந்தால் எல்லோரும் லேடீஸ் சைக்கிளுக்கு மாறிவிடுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். பார் வண்டியே வசதி என்று சொன்னவர்களும் இருந்தார்கள். குறுக்கே போகிற அந்தக் கம்பியில் ஒரு குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.