லீவு விட்டாச்சு... பிள்ளை எங்கே? மழை விட்ட மறுநாள்தான் உஷார்: புதுவை பெற்றோர் கவனத்துக்கு!

புதுச்சேரி:

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுவையில் காலை 6 மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "இன்னிக்கு லீவா, இல்லையா?"

பிள்ளைகள் டி.வி. முன்னால் உட்கார்ந்து விடுகிறார்கள். அம்மா செல்போனை பார்த்தபடியே இட்லி ஊற்றுகிறார். லீவு என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு குஷி. பெற்றோருக்கு அப்போதுதான் கவலை ஆரம்பம். வேலைக்கு போகணும், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

மழை விடுமுறை பிள்ளைகளின் பாதுகாப்புக்காக விடப்படுவதுதான். ஆனால் கட்டிட வேலை, கடை வேலை, தொழிற்பேட்டை வேலை என்று தாயும் தந்தையும் கிளம்பிப் போகும் வீடுகளில் அந்த லீவு நாளே ஆபத்தான நாளாகி விடுகிறது. வகுப்பறையில் டீச்சர் கண் முன்னால் இருக்க வேண்டிய 6 வயது, 7 வயது பிள்ளை தெருவில் தேங்கிய தண்ணீரில் கப்பல் விடுகிறது. அதைவிட மோசம், மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் மறுநாள். "அதான் மழை நின்னுடுச்சே" என்று எல்லோரும் அசந்து விடுகிறார்கள்.

எந்த ஊர் லீவு?

முதலில் லீவு குழப்பத்தை தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் மழை விடுமுறையை அந்தந்த மாவட்ட கலெக்டர் அறிவிப்பார். புதுவையில் அறிவிப்பு அரசிடம் இருந்து வரும். 2024-ல் பெஞ்ஜல் புயல் வந்தபோது அப்போதைய கல்வி அமைச்சர் நமச்சிவாயம்தான் விடுமுறையை அறிவித்தார்.

எனவே டி.வி.யில் "விழுப்புரம், கடலூர் மாவட்ட பள்ளிகளுக்கு விடுமுறை" என்று ஓடினால் அது புதுவை பள்ளிகளுக்கு பொருந்தாது. முத்தியால்பேட்டையை தாண்டினால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். வீடு அங்கே, பள்ளி இங்கே என்று இருக்கும் பிள்ளைகள் ஏராளம். வீட்டுக்கு எதிரில் உள்ள பள்ளி மூடியிருக்கும், படிக்கிற பள்ளி திறந்திருக்கும். பள்ளி எந்த பக்கம் இருக்கிறதோ அந்த பக்கத்து அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். காரைக்காலுக்கு தனியாக சொல்வார்கள்.

வாட்ஸ்-அப்பில் வரும் அறிவிப்பில் தேதியை பார்க்காமல் பிள்ளையை படுக்க வைத்து விடக்கூடாது. போன வருஷத்து அறிவிப்பும் புதிது போலவே சுற்றிக்கொண்டு இருக்கும்.

இன்னொரு விஷயம். "துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு ஏத்திட்டாங்க, லீவுதான்" என்று பிள்ளைகளே கணக்கு போடுவார்கள். புயல் எச்சரிக்கை கூண்டு கப்பல்களுக்காகவும் மீனவர்களுக்காகவும் ஏற்றப்படுவது. 1, 2 என்றால் தூரத்து கடலில் தொந்தரவு. 3, 4 என்றால் துறைமுகத்துக்கு பக்கத்தில் காற்று, மழை. 8, 9, 10 என்றால் பெரிய ஆபத்து. பள்ளி மணிக்கும் கூண்டுக்கும் சம்பந்தம் இல்லை. மழையின் அளவை தெரிந்துகொள்ள வானிலை மையம் சொல்லும் வார்த்தையை கவனிக்க வேண்டும். ஒரே நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் போனால் அதி கனமழை.

புதுவை மறக்காத ஞாயிறு

2024 நவம்பர் 30-ந்தேதி, சனிக்கிழமை இரவு பெஞ்ஜல் புயல் புதுவை அருகே கரையை கடந்தது. காற்றின் வேகத்தை பார்த்தால் 2011 டிசம்பர் 30-ந்தேதி அடித்த தானே புயல் அளவுக்கு இல்லை. ஆனால் கரை ஏறிய புயல் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 46 செ.மீ. அதற்கு முன்பு, 2004 அக்டோபர் 31-ந்தேதி பெய்த 21 செ.மீ. மழையைத்தான் பெருமழை என்று ஊரே சொல்லிக்கொண்டு இருந்தது.

ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை ராணுவ வீரர்கள் வந்து மீட்டார்கள். சாதாரண மழைக்கே தண்ணீர் நிற்கும் இந்திராகாந்தி சதுக்கத்தை பற்றி சொல்லவே வேண்டாம்.

மழை ஓய்ந்த பிறகும் கதை முடியவில்லை. டிசம்பர் 2-ந்தேதி அதிகாலை திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. அது தென்பெண்ணை ஆற்றில் வந்து பாகூர் பக்கத்து கிராமங்களை சூழ்ந்தது. இங்கே மழை இல்லை, வெள்ளம் மட்டும் வந்தது. வீடூர் அணை திறந்தால் சங்கராபரணி ஆற்றில், வில்லியனூர் பக்கம் இதே கதைதான். எங்கோ பெய்த மழை ஒரு நாள் கழித்து வாசலுக்கு வரும். ஆற்றங்கரை ஓரம் இருப்பவர்கள் "தண்ணி பார்க்க போலாம்" என்று பிள்ளைகளை கூட்டிப்போவதை நிறுத்த வேண்டும்.

தண்ணீருக்குள் கரண்ட்

மழைக்காலத்தில் சிறுபிள்ளைகளுக்கு முதல் எதிரி கரண்ட்தான். 2017 நவம்பர் 1-ந்தேதி சென்னை கொடுங்கையூரில் வீட்டுப் பக்கத்தில் விளையாடிய 2 சிறுமிகள், தேங்கிய தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து உயிரிழந்தனர். இரண்டு பேருமே தொடக்கப்பள்ளி வயது. வெகுதூரம் போகவில்லை, விளையாட வாசலுக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது கேள்வியே இல்லை. கணுக்கால் அளவு தண்ணீரிலும் கரண்ட் பாயும். மின்கம்பம், அதை இழுத்து கட்டிய ஸ்டே கம்பி, தெருவோர மின்பெட்டி, கடை வாசல் இரும்பு போர்டு, இவற்றின் பக்கம் தண்ணீர் நின்றால் பிள்ளை அந்த பக்கம் போகவே கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் "கரண்ட் இல்லப்பா" என்று நினைத்து குச்சியால் தள்ளிப் பார்க்கிறவர்களும் உண்டு. அந்த வேலையை மின்துறை ஊழியர்கள்தான் செய்யணும்.

வீட்டுக்குள்ளும் அதே எமன் இருக்கிறான். துணி காயப்போடும் இரும்பு கொடிக்கம்பி எங்காவது மின்வயரை உரசினால் முடிந்தது கதை. ஒரு நைலான் கயிறு வாங்கி மாட்ட பெரிய செலவு ஆகாது. காலையில் யூனிபார்ம் காயவில்லை என்று ஈரத்தோடு இஸ்திரி பெட்டியை வைப்பதும், ஈரக்கையோடு பிள்ளையை சுவிட்ச் போடச் சொல்வதும் வேண்டாம். யூனிபார்ம் ஈரமாக இருந்தால் கலர் டிரஸ்சில் அனுப்பினால் போதும். மழை நாளில் இதற்காக எந்த டீச்சரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுவர் ஓரம் வேண்டாம்

புதுவைக்காரர்களுக்கு பழைய சுவரை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடற்கரை சாலையில் கம்பீரமாக நின்ற பிரெஞ்சு கால மேரி கட்டிடம் 2014 நவம்பர் 29-ந்தேதி மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாக கட்டினார்கள். 2019 டிசம்பர் 2-ந்தேதி மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் வீடுகள் மீது சரிந்து 17 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

சுண்ணாம்பு சுவரோ, சிமெண்டு சுவரோ, தண்ணீர் குடித்து ஊறிய சுவர் மழை விட்ட பிறகும் சாயும். மழைக்கு ஒதுங்குகிறேன் என்று பிள்ளைகள் போய் நிற்பது அந்த சுவர் ஓரத்தில்தான். நேரம் ஆனாலும் பரவாயில்லை, பள்ளிக்கு போகும் வழியில் எந்த சுவர் பக்கம் நடக்கக்கூடாது, எந்த வாய்க்கால் மேல் மூடி இல்லை என்று ஒரு தடவை கூடவே நடந்து காட்டிவிட்டால் பிள்ளை ஞாபகம் வைத்துக்கொள்ளும். தெருவில் வெள்ளம் நிற்கும்போது வாய்க்கால் எது, ரோடு எது என்று பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

சோறு எங்கே?

லீவு நாளில் பேசப்படாத பிரச்சினை மதிய சாப்பாடு. புதுவையில் பள்ளி பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சி காலத்திலேயே, 1930-ல் தொடங்கியது. அரசு பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதுதான் அன்றைய முக்கிய சாப்பாடு. பள்ளி இல்லை என்றால் அதுவும் இல்லை. 8 வயது அக்கா 5 வயது தம்பிக்காக கியாஸ் அடுப்பை பற்ற வைக்கிறாள். இந்த ஒரு காரணத்துக்காகவே லீவு நாளில் பிள்ளைகளை தனியாக விடக்கூடாது.

வேலைக்கு போகாமல் இருங்கள் என்று சொல்வது சுலபம். தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் கூலி. மழைக்காலம் முழுக்க அப்படி இருக்க முடியாது. அதனால் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ஆயா வீடு பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரே தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு, இன்று ஒரு வீட்டில், அடுத்த லீவுக்கு இன்னொரு வீட்டில் என்று பிள்ளைகளை சேர்த்து விடலாம். சாப்பாட்டை கட்டிக்கொடுத்து விட்டால் அடுப்பு பக்கம் போகும் வேலை இல்லை.

பாதி நாளில் பள்ளி விட்டுவிட்டால் அது இன்னொரு தலைவலி. பள்ளியில் கொடுத்த போன் நம்பரை மாற்றிவிட்டு சொல்லாமல் இருப்பவர்கள் நிறைய பேர். யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்று இரண்டு பெயராவது வகுப்பு டீச்சரிடம் சொல்லி வைக்க வேண்டும். புத்தகப் பைக்கு உள்ளே அழியாத மையில் போன் நம்பரை எழுதுவது நல்லது. வெளியே தெரியும்படி எழுத வேண்டாம்.

வண்டியில் போகும்போது

பைக்கின் பின்னால் உட்கார்ந்த பிள்ளை கையில் குடை கொடுப்பதை புதுவையில் தினமும் பார்க்கலாம். ஒரு காற்று அடித்தால் குடையோடு பிள்ளையையும் இழுத்துவிடும். ரெயின்கோட்டின் தொங்கும் ஓரம், அம்மாவின் சேலை முந்தானை இரண்டும் சக்கரத்தில் மாட்டாமல் செருகிக்கொள்ள வேண்டும். மாணவர் ஆட்டோவில் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கி விட்டால் டிரைவருக்கு பக்கத்தில் வரும் பஸ் தெரியாது. அதில் பிள்ளைகளை நெருக்கி ஏற்றினால், தண்ணீருக்குள் இருக்கும் பள்ளத்தில் இறங்கும்போது ஆட்டோ சாய்ந்துவிடும். இரண்டு டிரிப்பாக அடிக்கச் சொல்லி பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

வாசலில் கழற்றி வைத்த ஷூவை தட்டிப் பார்க்காமல் பிள்ளை காலை விடக்கூடாது. மழைக்கு தேளும் பாம்புக்குட்டியும் ஒதுங்கும் இடம் அது. பாம்பு கடித்தால் இறுக்கி கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாம் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான்.

காய்ச்சல் வந்தால்

பிள்ளைகளிடம் காய்ச்சல் பரவியதால் 2022 செப்டம்பர் 17 முதல் 25 வரையும், 2023 மார்ச் 16 முதல் 26 வரையும் புதுவையில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு லீவு விடப்பட்டது. ஒரு பிள்ளை இருமினால் ஒரு பெஞ்சே படுத்துவிடும். அதனால் காய்ச்சல் உள்ள பிள்ளையை, பரீட்சை என்றாலும், அனுப்பாமல் இருப்பதே மற்ற பிள்ளைகளுக்கு செய்யும் உதவி.

மழை நின்ற ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு பெருகும். அது பகலில் கடிக்கும் கொசு. நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். டிரம், பூந்தொட்டி தட்டு, பழைய டயர், மொட்டை மாடி தேங்காய் சிரட்டை, பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு என எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்து, தேய்த்து கழுவ வேண்டும். தண்ணீரை கொட்டினால் மட்டும் முட்டை போகாது.

டெங்குவில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. மூன்று, நான்கு நாள் கழித்து காய்ச்சல் இறங்கும். "சரியாயிடுச்சு" என்று பள்ளிக்கு அனுப்பி விடுவார்கள். ஆபத்து ஆரம்பிப்பதே அப்போதுதான். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, பிள்ளை சோர்ந்து படுப்பது, சிறுநீர் குறைவது என எது தெரிந்தாலும் உடனே அரசு பொது மருத்துவமனைக்கோ, எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ்காந்தி அரசு பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ, ஜிப்மருக்கோ போக வேண்டும். மருந்து கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி கொடுக்கக்கூடாது. ஆஸ்பிரின், இபுபுரூபன் ரத்தக்கசிவை கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.

வயிற்றுப்போக்குக்கு 1 லிட்டர் பாக்கெட் உப்பு-சர்க்கரை கரைசலை, கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் மொத்தமாக கலக்க வேண்டும். பாக்கெட்டை பாதி பாதியாக டம்ளரில் போட்டு கொடுப்பது தப்பு.

மார்கழி வந்தால் மழை குறைந்து பனி தொடங்கும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு மூடிய அறையில் கொசுவர்த்தி புகையும், போகி அன்று டயர் புகையும் ஆகாது.

அவசர உதவிக்கு

வெள்ளம், புயல் புகார்களுக்கு கட்டுப்பாட்டு அறை எண்கள் 1070, 1077. மின்கம்பி அறுந்தால் 1912. ஆம்புலன்சுக்கு 108. எதற்கும் பொதுவான எண் 112. இவை அப்பாவின் செல்போனில் மட்டும் இருந்தால் வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு தெரியாது. காலண்டர் அட்டையில், பிள்ளையின் கண் உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதி, ஒரு முறை படிக்கச் சொல்லி கேட்டுவிட்டு வேலைக்கு கிளம்பலாம்.