மலைக்கும் மலைக்கும் நடுவே

திருவண்ணாமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணையைக் கடக்கும்போது சர்க்கரை ஆலையையும் அதைச் சூழ்ந்து பரந்த கரும்பு வயல்களையும் காண்பார்களேயன்றி, தாம் இரு பெரிய மலைத்தொகுதிகளின் இடைவெளியில் நிற்பதாக எண்ணுவது அரிது. வடமேற்கே சாத்தனூர் அணையை ஒட்டிய குன்றுகளும் அவற்றுக்கப்பால் ஜவ்வாது மலையும்; தென்மேற்கே சுமார் 2,700 அடி உயரமுள்ள சின்னக் கல்வராயனும், 4,000 அடியை எட்டும் பெரிய கல்வராயனும். நமக்கு மலைகளே காட்சிப் பொருள்; ஆனால் அம்மலைகளில் வாழும் ஜீவராசிகளின் வருங்காலத்தை நிர்ணயிப்பதில், நாம் கவனியாமல் கடந்து செல்லும் இந்தச் சமவெளிக்கும் பெரும் பங்கு உண்டு.

1967ஆம் ஆண்டில் மக்ஆர்தர், வில்சன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் தீவுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். சிறிய தீவில் இனங்கள் விரைவில் அழிகின்றன; தொலைவிலுள்ள தீவுக்குப் புதிய இனங்கள் அரிதாகவே வந்து சேர்கின்றன; ஆகவே ஒரு தீவில் எத்தனை வகை உயிர்கள் நிலைக்கும் என்பது அதன் பரப்பையும் தனிமையையும் பொறுத்தது என்பது அவர்கள் சித்தாந்தம். வயல்களால் சூழப்பட்ட காடும் ஒருவகைத் தீவே என்பதைப் பிறகு வந்தோர் உணர்ந்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல நீண்டு தொடராமல், ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று துண்டு துண்டாக நிற்கும் நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! தலைமுறைக்கு ஓரிரு விலங்குகளேனும் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குச் சென்று இனம் பெருக்கினால், நெருங்கிய இரத்தக் கலப்பினால் சந்ததி நலிவது பெரிதும் தடைபடும் என்பது மரபியலாரின் பொதுக்கணக்கு. அந்த ஓரிரு பிரயாணிகளுக்கும் வழியில்லாமற் போனால், ஒரு கோடை வறட்சியிலோ ஒரு கொள்ளைநோயிலோ ஒரு மலையில் அற்றுப்போன இனம் அங்கே மீண்டும் குடியேறுவதற்கில்லை.

ஆனால் வழி என்பது எல்லா விலங்குக்கும் ஒன்றன்று. நரிக்கும் காட்டுப்பூனைக்கும் கரும்புத் தோட்டமே மறைவிடம். காட்டுப்பன்றிக்கோ அது விருந்துமண்டபம். மயிலும் குரங்கும் காட்டோரத்தில் செழிக்கின்றன. கரடி இருளில் குன்று விட்டுக் குன்று போகும். மின்விளக்கும் வாகன ஓசையும் அதைத் திருப்பிவிடும். கிளைக்குக் கிளை ஊர்ந்து செல்லும் தேவாங்குக்கு, மரங்கள் வெட்டப்பட்டு அகலமாக்கப்பட்ட ஒரு சாலையே கடக்கவொண்ணாத எல்லை. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று பறந்து வேறிடத்தில் எச்சமிடுவதால் விதையும் பயணம் செய்கிறது; அக்குருவி தங்குவதற்கு வழியில் ஓர் ஆலோ அரசோ வேண்டும். மலைக்குள்ளேயே மரவள்ளிக் கொல்லைகளும் உண்ணிச்செடிப் புதர்களும் காட்டைக் கூறுபோட்டிருப்பதால், துண்டுபடுதல் அடிவாரத்தில்தான் தொடங்குகிறதென்றும் சொல்வதற்கில்லை.

காடு துண்டுபடுவதன் விளைவை இவ்வட்டாரம் யானைகளால் அறிந்தது. திருவண்ணாமலை மாவட்டத்திலும், கள்ளக்குறிச்சியை அப்போது உள்ளடக்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்திலும் திரிந்து, பயிருக்குச் சேதமும் மக்களுக்கு அச்சமும் விளைவித்த ஆறு யானைகளை 2013 ஆகஸ்டில் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினர். குடியானவர்களின் துயரம் மெய்யானது. அதைச் சிறிதும் குறைத்துப் பேச நான் ஒருப்படேன். ஆயினும் சிறுசிறு காடுகளும் அவற்றினிடையே இனிப்பான கரும்பும் நெல்லுமாக அமைந்த ஒரு நிலத்தில், பெரிய உடலும் பெரும் பசியும் கொண்ட பிராணி வேறு எவ்விதம் நடந்துகொள்ள முடியும்?

பெரிய காடுகளின் விஷயத்தில் அரசும் நீதிமன்றமும் விழித்துக்கொண்டுவிட்டன. நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம், காவேரி வடக்குச் சரணாலயத்தைக் கர்நாடகத்துக் காடுகளோடு இணைக்கிறது. நாடெங்கும் 150 யானை வழித்தடங்கள் இருப்பதாக மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. கல்வராயன் போன்ற நடுத்தர மலைகளும், யானையைவிடச் சிறிய பிராணிகளும் இந்த அக்கறைக்குப் பாத்திரமாக வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

வழியைத் திறந்துவிட்டால் நோயும் களைச்செடியும் அதே வழியாக வருமே என்று சிலர் ஆட்சேபிப்பர். அது நியாயமான ஆட்சேபமே, ஆதலால் எங்கே இணைப்பது என்பதை ஆராய்ந்தே செய்ய வேண்டும். மூங்கில்துறைப்பட்டைப் பொறுத்தவரை பெருஞ்செலவில் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. மலையிலிருந்து தென்பெண்ணைக்கு இறங்கும் ஓடைகளின் கரைகளை ஆக்கிரமிப்பின்றி விட்டு, சீமைக்கருவேலத்தை அகற்றிய இடங்களில் மருதும் நாவலும் புங்கும் நட்டு, காட்டோரக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, திருட்டு மின்வேலிகளைக் கடுமையாகத் தடுத்து, பயிரிழந்தவனுக்கு அந்தப் பருவம் முடியும் முன்னரே நஷ்டஈடு கிடைக்கச் செய்தால், இவ்விடைவெளி இரவு நேரத்திலாவது விலங்குகளுக்கு உரிய பாதையாகும். இதில் பெரும்பகுதி ஊராட்சியும் வனத்துறையும் கரும்பு விவசாயிகளும் ஒன்றுகூடிப் பேசினால் அடுத்த மழைக்காலத்திலேயே தொடங்கக்கூடிய வேலை.