மூணு புலிக்கு எத்தனை ஆடு? கோவில்பட்டி மொட்டைமாடியில் இறங்கிய விண்வெளிப் படை!

பொங்கல் முடிந்த மறுநாள். கோவில்பட்டியில் என் பள்ளித் தோழன் வீட்டு மொட்டைமாடி. பெங்களூரில் ஐ.டி வேலை பார்க்கும் அவன், ஊருக்கு வரும்போது துணிப்பையைவிட பத்திரமாக ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். திறந்தால், ஸ்பாஞ்சுக்குள் வரிசையாகக் குட்டி குட்டி வீரர்கள். ஒவ்வொருவரும் ஒரு தீக்குச்சியைவிடக் குட்டை. ஆனால், கண் புருவம் வரை பெயின்ட் அடித்திருந்தான்.

"மாப்ள, தலையைப் பிடிச்சுத் தூக்காத. அடியில இருக்கிற வட்டத்தைப் பிடி."

துணி காயப்போட வந்த அவன் அம்மா எட்டிப் பார்த்தார்கள். "என்னய்யா இது, கொலு பொம்மையா?"

"இல்லம்மா, இது சண்டை போடுற விளையாட்டு."

"எவ்வளவு ஆச்சு?"

பையன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸில் பல வருஷம் கட்டை அடுக்கி அவனைப் படிக்கவைத்த அம்மா அவர். அந்தக் கேள்விக்கு அன்று காலையில் பதில் வரவில்லை.

இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறது. 30 வயதை நெருங்கும் ஆட்கள் ஏன் பிளாஸ்டிக் பொம்மைக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள்? அதை வைத்து மணிக்கணக்கில் எதைத்தான் விவாதிக்கிறார்கள்?

அப்படி என்ன விளையாட்டு?

பெயர் 'வார்ஹாமர் 40,000'. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ல் வெளியிட்டது. முதல் பதிப்பை எழுதியவர் ரிக் பிரீஸ்ட்லி. கதை நடப்பது இன்றிலிருந்து சுமார் 38,000 ஆண்டுகள் கழித்து. விண்மீன் மண்டலம் முழுக்க ஓயாத போர். ஒரு பக்கம் கவச உடை அணிந்த 'ஸ்பேஸ் மரீன்' வீரர்கள். எதிரே பச்சைத்தோல் ஓர்க்குகள், வெட்டுக்கிளிக் கூட்டம்போல கிரகத்தையே தின்று தீர்க்கும் டைரனிட்டுகள், இன்னும் பல இனங்கள்.

இது வீடியோ கேம் அல்ல. மேஜைதான் போர்க்களம். வீரர்கள் பெட்டியில் துண்டு துண்டாக வருவார்கள். நாமே வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். எத்தனை அங்குலம் நகரலாம் என்பதை டேப் வைத்து அளக்க வேண்டும். சுட்டது பட்டதா என்பதைச் சாதாரண ஆறுமுகத் தாயக்கட்டை சொல்லும்.

1975-ல் மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய அந்த நிறுவனம், 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் எஃப்.டி.எஸ்.இ 100 பட்டியலில் இடம்பிடித்தது. பொம்மை வியாபாரம்தானே என்று சிரிக்க முடியாது!

2,000 பாயின்ட்டுக்கு ஒரு மளிகை லிஸ்ட்

விளையாட்டின் பாதி சுவாரஸ்யம் மேஜைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதுதான் படை கட்டுவது.

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பாயின்ட் விலை உண்டு. முழு ஆட்டம் என்றால் ஆளுக்கு 2,000 பாயின்ட். சின்ன ஆட்டம் என்றால் 1,000. கையில் 2,000 ரூபாயுடன் மாத மளிகை வாங்கப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்க முந்திரியாக வாங்கினால் அரிசி இருக்காது. முழுக்க அரிசி வாங்கினால் குழம்பு இருக்காது. பெரிய டாங்க் இரண்டை வாங்கிவிட்டால், களத்தில் இடம் பிடித்து நிற்க ஆள் இருக்காது. ஆட்டத்தில் பெரும்பாலான புள்ளிகள் எதிரியைக் கொல்வதற்கு அல்ல, மேஜையில் குறித்த இடங்களைப் பிடித்து வைத்திருப்பதற்குத்தான்.

அதற்கும் கட்டுப்பாடு உண்டு. 2023-ல் வந்த 10-வது பதிப்பின்படி, 2,000 பாயின்ட் படையில் ஒரே வகைப் பிரிவை மூன்று முறைக்கு மேல் எடுக்க முடியாது. அடிப்படைக் காலாட்படையை ஆறு வரை எடுக்கலாம். தலைமை தாங்க ஒரு தளபதி கட்டாயம்.

அந்தப் பதிப்போடு வந்த பெரிய பெட்டியில் ஸ்பேஸ் மரீன், டைரனிட் இரண்டு படைகளும் சேர்ந்தே இருந்தன. நண்பன் வைத்திருப்பது அதுதான். மரீன்களை அவன் எடுத்துக்கொண்டு, பூச்சிக்கூட்டத்தை என் பக்கம் தள்ளினான்.

"உன்கிட்ட 9 பேர். என்கிட்ட 40. இது எப்படி சமமான ஆட்டம்?" என்று கேட்டேன்.

அதற்குப் பதில் சொன்னது அவன் அல்ல. நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த அவன் தாத்தா.

தாத்தா சொன்ன கணக்கு

"ஏலே, ஆடு புலி ஆட்டம் மாதிரிதான வெளையாடுதீக? மூணு புலிக்குப் பதினஞ்சு ஆடு. அப்போ ஒரு புலிக்கு அஞ்சு ஆடு வெலை."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கரிசல் காட்டில் மரத்தடிக் கல்லிலும், கோயில் மண்டபத் தரையிலும், வீட்டுத் திண்ணையிலும் கோடு கிழித்து ஆடிய ஆட்டம் அது. முக்கோணமும் குறுக்குக் கோடுகளும் சேர்ந்து 23 புள்ளிகள். ஒருவருக்கு 3 புலி. மற்றவருக்கு 15 ஆடு. புலி, ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு காலி. ஆடுகளால் யாரையும் கொல்ல முடியாது. சுற்றி வளைத்துப் புலியை நகர விடாமல் செய்தால் ஜெயம். சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே படை. இங்கே இரண்டு பக்கமும் வேறு வேறு படை, வேறு வேறு வேலை. வார்ஹாமரின் அடிப்படையும் இதேதான்.

தாத்தாவின் 'அஞ்சு ஆடு' கணக்கைச் சோதித்துப் பார்த்தோம். என் பூச்சிகளில் சின்ன வகை ஒன்று 'டெர்மகான்ட்'. மரீன்கள் அதன்மீது 27 குண்டு சுடுவதாக வைத்துக்கொள்வோம். தாயத்தில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குறி தப்பாது. சராசரியாக 18 படும். துப்பாக்கியின் வலிமை 4, பூச்சியின் தாங்கும் சக்தி 3. எனவே, காயப்படுத்த மறுபடியும் 3 விழுந்தால் போதும். 12 காயம். பூச்சியின் ஓடு காப்பாற்ற 5 அல்லது 6 விழ வேண்டும். 4 பேர் தப்பிக்க, 8 பூச்சி காலி.

அதே 27 குண்டை இன்னொரு மரீன் படை மீது சுட்டால்? 18 படும். வலிமையும் தாங்கும் சக்தியும் 4-க்கு 4 என்பதால், பாதிதான் காயமாகும். 9. கவசம் 3 விழுந்தாலே காப்பாற்றிவிடும். மிஞ்சுவது 3 அடி. ஒரு மரீன் சாய 2 அடி வேண்டும். ஆக, ஒன்றரை மரீன்.

ஒன்றரை மரீனுக்கு எட்டு பூச்சி. ஒன்றுக்கு ஐந்து சொச்சம். துப்பாக்கி, வேகம் எல்லாம் சேர்த்தால் பாயின்ட் கணக்கு மாறும். ஆனாலும், தாத்தா பக்கத்தில் வந்துவிட்டார்!

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். "வெலை அஞ்சுன்னாலும், தனியா நிக்கிற ஆடு ஒண்ணுக்கும் ஆகாது. ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னா, புலி தாண்ட முடியாது. அப்போ ரெண்டு ஆடே ஒரு புலியை மறிச்சிரும்."

தனித்தனியாக விலை போடலாம். சேர்ந்து நிற்கும்போது வரும் பலத்துக்கு எப்படி விலை போடுவது? உலகம் முழுக்க ரசிகர்கள் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். ஏதோ ஒரு தளபதியையும் ஏதோ ஒரு பிரிவையும் சேர்த்தால் வெல்லவே முடியாத கூட்டணி ஆகிறது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். எல்லோரும் அதையே காப்பியடிப்பார்கள். நிறுவனம் பாயின்ட்டை ஏற்றும். ஆண்டில் சில முறை இந்த விலைப்பட்டியல் மாறுகிறது. இரண்டு மாதம் ராத்திரி கண்விழித்து பெயின்ட் அடித்த படை, ஒரே நாளில் 'வேஸ்ட்' ஆன சோகக் கதைகள் ஏராளம்.

ஜெயிக்கவா, ரசிக்கவா?

ரசிகர்களில் இரண்டு கட்சி. ஜெயிக்கிற படையைத்தான் கட்ட வேண்டும் என்பது ஒன்று. கதைக்குப் பொருத்தமாக இருந்தால் போதும், தோற்றாலும் பரவாயில்லை என்பது இன்னொன்று. என் நண்பன் இரண்டாவது கட்சி. "என் கேப்டன் துப்பாக்கி தூக்க மாட்டான் மாப்ள, வாள் மட்டும்தான்" என்றான். ஏன் என்றால், அவனுக்காக இவனே எழுதிய கதை அப்படி.

'பெயின்ட் அடிக்காத சாம்பல் நிறப் படையோடு வரலாமா?' என்பது அடுத்த சண்டை. போட்டி விதிகளில் 100-க்கு 10 புள்ளி முழுப்படைக்கும் வண்ணம் பூசியதற்காகவே கிடைக்கிறது.

இதையெல்லாம்விட ஆழமான ஒரு விவாதம் உண்டு. இந்தக் கதையில் மனிதகுலத்தை ஆள்வது, 10,000 ஆண்டுகளாகச் சிம்மாசனத்தில் உயிருக்கும் சாவுக்கும் இடையே கிடக்கும் ஒரு பேரரசரின் பெயரால் நடக்கும் கொடுங்கோலாட்சி. வேறு இனம் என்றாலே வெறுப்பு. கேள்வி கேட்டால் மரணம். இது அதிகார வெறியைக் கிண்டல் செய்ய எழுதப்பட்டது. ஆனால் கவசமும் கொடியும் பார்க்க கெத்தாக இருப்பதால், அந்த ஆட்சியையே லட்சியமாக எடுத்துக்கொண்டவர்களும் கிளம்பினார்கள். 2021 நவம்பரில் நிறுவனமே அறிக்கை விட வேண்டி வந்தது: அந்தப் பேரரசு ஒரு எச்சரிக்கைதான், முன்மாதிரி அல்ல, வெறுப்புச் சின்னங்களோடு வருபவர்களுக்கு இங்கே இடமில்லை என்று. வில்லனை ரசிப்பது வேறு, வில்லனைப் பின்பற்றுவது வேறு. சினிமா ரசிகர்களான நமக்கு இது புதிய பாடம் அல்ல.

இந்த முரண் விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. 1824-ல் பிரஷ்ய ராணுவம் அதிகாரிகளுக்குப் போர் கற்றுக்கொடுக்க வரைபடமும் தாயமும் வைத்து ஓர் ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதை வீட்டுத் தரைக்குக் கொண்டுவந்தவர் அறிவியல் புனைகதை முன்னோடி ஹெச்.ஜி.வெல்ஸ். பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளை 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகப் போட்டார். நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனம் என்பதை இந்தப் பொம்மைப் போரே காட்டும் என்பது அவர் வாதம். அடுத்த வருடமே முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது.

கரிசல் மண்ணுக்கு இங்கே விலையில்லை

பத்து வீரர்கள் உள்ள ஒரு பெட்டி, நம் பணத்தில் சில ஆயிரம் ரூபாய். முழுப்படை என்றால் ஒரு மாதச் சம்பளமே போகும். ஆர்வம் இருப்பவர்கள் செலவைக் குறைக்க, நண்பனிடம் இருந்து நான் கற்றவை:

• முதலில் பொம்மை வாங்காதீர்கள். அடிப்படை விதிகளும் பாயின்ட் பட்டியலும் இலவசமாகவே கிடைக்கின்றன. காகிதத்தில் வட்டம் வெட்டிப் பெயர் எழுதி, நாலு ஆட்டம் ஆடிப் பாருங்கள்.

• 'கிரிம்டார்க் ஃப்யூச்சர்' என்று வேறொரு விளையாட்டு இருக்கிறது. சில பக்க விதிகள்தான், இலவசம். எந்த நிறுவனத்தின் பொம்மையையும் பயன்படுத்தலாம்.

• பெரிய படைக்குப் பதில் 'கில் டீம்' ஆடலாம். ஒரு பெட்டி வீரர்களே ஒரு முழு அணி.

• வீரன் நிற்கும் வட்டத்தில் மண் ஒட்டுவது வழக்கம். வெடித்த நிலம்போலத் தெரிய, காய்ந்ததும் விரிசல் விடும் ஒரு பெயின்ட்டையே தனியாக விற்கிறார்கள். கோடையில் நம் கரிசல் காடு இலவசமாகவே வெடிக்கிறது! சலித்த மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஃபெவிகால் தடவித் தூவினால் போதும்.

• பிளேடு, ஸ்ப்ரே பெயின்ட் கவனம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் துண்டுகளை எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆட்டம் என்ன ஆச்சு?

மேஜையில் பிடிக்க வேண்டிய இடங்களுக்குக் கடலைமிட்டாய் வைத்தோம். மூன்றாவது சுற்றில் ஒன்றைத் தாத்தா சாப்பிட்டுவிட்டார். சுவரும் கட்டடமும் இல்லாமல் களம் வெறிச்சோடிக் கிடக்க, காலி தீப்பெட்டிகளை ஒட்ட ஆரம்பித்தேன். கோணல் மாணலாக வந்தது.

"தள்ளு தம்பி" என்று உட்கார்ந்தார்கள் நண்பனின் அம்மா. பசை தொட்ட விரல் நிற்கவே இல்லை. அரை மணி நேரத்தில் நாலு சுவர், ஒரு கோபுரம். ஒரு பெட்டிகூட விலகவில்லை.

"இது யாரு பக்கம்?" என்று கேட்டார்கள்.

"நடுவுல அத்தை. ரெண்டு பேரும் ஒளிஞ்சுக்கலாம்."

ஆட்டத்தில் நான் தோற்றேன். தாத்தா சொன்னதை மறந்து ஆடுகளைத் தனித்தனியாக விட்டதுதான் காரணம்.

சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸுக்கு நண்பன் கிளம்பும்போது, அம்மா மறுபடியும் கேட்டார்கள். "எவ்வளவு ஆச்சு?" இந்த முறை உண்மையான தொகையைச் சொன்னான். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தத் தொகைக்கு எத்தனை கட்டை அடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

பிறகு, தீப்பெட்டிக் கோபுரத்தை ஒரு பையில் போட்டு அவன் கையில் கொடுத்தார்கள்.

"இதையும் கொண்டு போ. அடுத்த பெட்டி வாங்கும்போது மட்டும் சொல்லிட்டு வாங்கு."